கண்ணெதிரே இருக்கும் இன்வாய்ஸை எக்ஸ்பாத் ஏன் காண்பதில்லை?

எக்ஸ்எம்எல் ஆவணத்தின் (பெயரிட்ட உறுப்புகளாகத் தகவலை அடுக்கும் கோப்பின்) முதல் உறுப்பு, ‘சிபிசி:’ போன்ற முன்னொட்டு ஏதுமின்றி ‘இன்வாய்ஸ்’ என்று நிற்கும்போது, அதே பெயரை, உறுப்புகளைத் தேடும் மொழியான எக்ஸ்பாத்தில் கொடுத்தால் ஏன் எதுவும் கிடைப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் மலேசிய இ-இன்வாய்ஸ் வேலையில் இருப்பதாகவே கருதி எழுதுகிறேன். 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களுக்கு அது கட்டாயமானதிலிருந்து, கோலாலம்பூரில் கணக்கியல் மென்பொருள் எழுதும் எங்களுக்கும் இதே தொல்லைதான்.

அந்த ஆவணம், வணிக ஆவணங்களுக்கான எக்ஸ்எம்எல் தரநிலையான யூபிஎல் 2.1 வடிவத்தில் அமைவது. அதன் தொடக்கத்தில் உள்ள முன்னொட்டில்லா அறிவிப்பு (இயல்புநிலை அறிவிப்பு), முன்னொட்டின்றி வரும் உறுப்புகள் அனைத்தையும் ஒரு நேம்ஸ்பேஸில், அதாவது ஒரு முகவரியால் அடையாளம் காணப்படும் பெயர்த்தொகுதியில், சேர்த்துவிடுகிறது. சிஏசி, சிபிசி என்ற முன்னொட்டுகள் வேறு இரண்டு நேம்ஸ்பேஸ்களைக் குறிக்கின்றன. ஆகவே அந்த உறுப்பின் முழுப்பெயர் வெறும் ‘இன்வாய்ஸ்’ அன்று. நேம்ஸ்பேஸ் முகவரியும் அதனுடன் சேர்ந்ததே பெயர். எக்ஸ்பாத் 1.0-இலோ முன்னொட்டில்லாத பெயர் எந்த நேம்ஸ்பேஸிலும் சேராத உறுப்பை மட்டுமே குறிக்கும். ஆவணத்தின் இயல்புநிலை அறிவிப்பை அது பொருட்படுத்தாது. உங்கள் நிரலில் விருப்பமான ஒரு முன்னொட்டை அதே முகவரியுடன் பதிவுசெய்து தேடினால் கிடைத்துவிடும். ஆவணத்திலுள்ள முன்னொட்டே அங்கும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் முகவரி எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். (தொகையின் நாணயத்தைச் சொல்லும் கரன்சிஐடி போன்ற, உறுப்பின் தொடக்கக் குறிக்குள்ளேயே எழுதப்படும் முன்னொட்டில்லாப் பண்புக்கூறுகளுக்கு இயல்புநிலை நேம்ஸ்பேஸ் பொருந்தாது, அவற்றை வெறும் பெயராலேயே தேடலாம்.)

இந்தக் கேள்விக்கு நேம்ஸ்பேஸ்களையே நீக்கிவிடுங்கள் என்று யாரேனும் பதில் சொல்லக்கூடும் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எங்களுக்கு வந்து சேர்ந்த ஒரு நிரலில், முந்தைய ஒப்பந்தக் குழு, ஆவணத்தைப் படிக்கும் முன்பே எல்லா முன்னொட்டுகளையும் அறிவிப்புகளையும் ரீஜெக்ஸால் (எழுத்து வடிவங்களைத் தேடி மாற்றும் முறையால்) துடைத்தெறியும் ஒரு வரியை எழுதி வைத்திருந்தது. கையொப்பமில்லாத ஆவணங்கள் வந்தவரை அது ஓடியது. கையொப்பமிட்டவை வரத் தொடங்கியதும், யூபிஎல்லின் ‘சிக்னேச்சர்’ உறுப்பும், டிஎஸ் முன்னொட்டுடன் வரும் எக்ஸ்எம்எல் மின்கையொப்பத்தின் ‘சிக்னேச்சர்’ உறுப்பும் ஒரே பெயராகிவிட, நிரல் முதலில் கண்டதை எடுத்துக்கொண்டு, அதில் இல்லாத மதிப்பைத் தேடிக்கொண்டிருந்தது. இத்தகைய மோதலைத் தவிர்க்கவே 1999-இல் நேம்ஸ்பேஸ் பரிந்துரை வெளியானது. அதைத் துடைத்துவிட்டு, எக்ஸ்எம்எல் மோசம் என்று அலுத்துக்கொள்வது எனக்கு விளங்கவில்லை.

சிறிய ஸ்கிரிப்டுக்கு இவ்வளவு தேவையா என்பவர்களோடு நான் சண்டையிடவில்லை. ஒருமுறை ஓட்டிவிட்டுத் தூக்கிப்போடும் நிரலில் நேம்ஸ்பேஸைப் பாராமல் பெயரை மட்டும் ஒப்பிட உதவும் எக்ஸ்பாத்தின் லோக்கல்-நேம் செயற்கூறு போதும். ஆனால் மேலே சொன்ன இரண்டு சிக்னேச்சர்களையும் அதனால் பிரித்தறிய முடியாது.

முன்னொட்டை விருப்பம்போல் மாற்றலாம் என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. கையொப்பத்திற்கு முன் ஆவணத்தைச் சீராக்கும் வழக்கமான கனோனிக்கலைசேஷன் முறைகள் முன்னொட்டுகளை அப்படியே விட்டுவிடுவதால், பிறகு சிபிசி என்பதை வேறொன்றாக மாற்றினால், பொருள் மாறாவிட்டாலும் ஹேஷ் (ஆவணத்திலிருந்து கணக்கிடப்படும் சுருக்க மதிப்பு) மாறி, கையொப்பம் செல்லாததாகிவிடும். மாற்றுவதானால் கையொப்பமிடும் முன்பே மாற்றிவிடுங்கள்.