70 லட்சம் டாலர்னா ஃப்ளாப்பா?

அன்புள்ள சார்,
ஈரான் டைரக்டர் அஸ்கர் ஃபர்ஹாதியோட 'எ செபரேஷன்' இப்பதான் பார்த்தேன், ரெண்டு நாளா தூக்கமே இல்ல. ஆனா ஆஸ்கர் வாங்கின படம் அமெரிக்கால மொத்தமே சுமார் 70 லட்சம் டாலர்தான் வசூலாம். ஃப்ரெண்ட்ஸ் 'அப்ப ஃப்ளாப்தான'ங்கிறாங்க. நல்ல படத்தை ஜனங்க பாக்கவே மாட்டாங்களா? ஃபர்ஹாதி படத்துல அடுத்து எதைப் பாக்கலாம்?
க.

தம்பி,

ரெண்டு நாள் தூங்காத ஆளு மூணாவது நாள் வசூல் தேடிப் போயிருக்கீங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கோவம்.

அமெரிக்கால 2011 டிசம்பர் கடைசில மூணே தியேட்டர்ல ஆரம்பிச்சாங்க, ஆஸ்கர் நெருங்க நெருங்க கொஞ்சம் கொஞ்சமா கூட்டினாங்க, பெரிய படம் முதல் நாளே மூவாயிரம் நாலாயிரம் தியேட்டர்ல இறங்குற ஊரு அது, அங்க இது முந்நூறைக்கூட தொடல. எடுக்க ஆன செலவு 10 லட்சம் டாலருக்கும் கீழ, உலகம் பூரா வந்தது 2 கோடி டாலருக்கு மேல. இதுல ஏறக்குறைய பாதி தியேட்டர்காரங்களுக்கு, அப்புறம் விளம்பரம், டிஸ்ட்ரிபியூட்டர் பங்குன்னு போகும், எல்லாம் கழிச்சாலும் ஃப்ளாப்னு சொல்ல முடியாது. சரி, இத விடுங்க.

எனக்கு ரொம்ப நாளா இருக்கிற ஆத்திரம் வேற. பிரான்ஸ்ல ஒரு படம் எப்படிப் போச்சுன்னு கேட்டா காசு சொல்ல மாட்டாங்க, எத்தனை டிக்கெட்னுதான் சொல்லுவாங்க. 2011 ஜூன்ல அங்க இந்தப் படம் வந்துச்சு, 9 லட்சம் டிக்கெட்டுக்கு மேல போச்சு. ஃபார்சில பேசுற படத்துக்கு! காசுல கணக்குப் பண்ணா டிக்கெட் விலை ஏறும்போதெல்லாம் ரெக்கார்டும் உடையும், ஆளு குறைஞ்சது வெளிய தெரியாது, நாமளும் அத வச்சுக்கிட்டு சண்டை போட்டுட்டு இருக்கலாம். அங்க விக்கிற ஒவ்வொரு டிக்கெட்லயும், ஹாலிவுட் படமா இருந்தாலும், 10.72 சதவீதம் சிஎன்சிங்கிற அரசு அமைப்போட நிதிக்குப் போகுது, சின்ன தியேட்டர்கள் உயிரோட இருக்க அதுலருந்து உதவி வருது. இந்த மாதிரி படம் நாலு வாரம் தாக்குப் பிடிக்க இடம் வேணும்ல, அத யாராவது பேசுறமா?

தலைய எண்ணினாலும் எங்கம்மா அதுல வரமாட்டாங்க. ஃப்ரெண்ட் குடுத்த டிவிடில பார்த்தவங்க, சப்டைட்டில் படிக்க வராது. படத்தோட ஹீரோ நாதர் தன் அப்பாவைக் குளிப்பாட்டிட்டு இருக்கும்போதே உடைஞ்சு அழுவான்ல, அங்க 'நிறுத்துடா'ன்னாங்க. எங்க தாத்தாவுக்குக் கடைசி வரைக்கும் அதெல்லாம் செஞ்சது அவங்கதான். கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே 'போடு'ன்னாங்க. வேலைக்கு வந்த பொண்ணு, பெரியவரைத் தொட்டு சுத்தம் பண்ணா பாவமான்னு ஃபோன் போட்டுக் கேக்குற இடத்தை மட்டும் நான் விளக்க வேண்டி வந்துச்சு. 'இதுக்கு யாரைக் கேக்கணும்'னு திட்டினாங்க.

ஜனங்க பாக்க மாட்டாங்களான்னு பொத்தாம்பொதுவா கேக்காதீங்க, எரிச்சலா வருது. ஈரான்லயே 2011 நவ்ரூஸ், அதாவது அவங்க புத்தாண்டு சமயத்துல இதுவும் மசூத் தெஹ்நமகியோட 'எக்ராஜிஹா 3'யும் ஒண்ணா ஓடுச்சு. தெஹ்நமகி படம், ஆட்சில மாற்றம் கேட்ட சீர்திருத்தக்காரங்களைக் கிண்டலடிக்கிற காமெடி, அதனால ஆட்சி பிடிக்காதவங்க அதைப் புறக்கணிச்சு ஃபர்ஹாதி படத்துக்குப் போங்கன்னு பிரசாரமே பண்ணாங்க. வசூல்ல ஜெயிச்சது தெஹ்நமகிதான். உங்க ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கேளுங்க, ஹிட் படமாச்சே, பார்த்திருக்காங்களான்னு.

அடுத்து 'அபௌட் எல்லி' பாருங்க. அது எவ்வளவு வசூல்னு எனக்கு மெயில் போட வேணாம்.