திரைக்கு இருபுறமும் ஒரே கரண்டி

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறோம். மூன்று வயது மகனுக்கு வாரம் இருமுறை, நாற்பது நிமிட இணையத் தமிழ் வகுப்பு. அசையாமல் திரையைப் பார்க்கிறான். ஆனால் அங்கே கேட்ட ஒரு சொல்லையும் பிறகு சொல்வதில்லை. வகுப்பை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம், நடத்தும் விதத்தை மாற்றுங்கள். திரையைப் பார்ப்பது வேறு, இன்னொருவரோடு சேர்ந்து ஒன்றைப் பார்ப்பது வேறு. குழந்தை ஒரு கரண்டியைப் பார்க்கிறது, பிறகு உங்கள் முகத்தைப் பார்க்கிறது, நீங்களும் அதையே பார்க்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டால், உங்கள் வாயிலிருந்து வரும் ஒலியை அந்தப் பொருளின் பெயராக எளிதில் ஏற்கிறது. இணைந்த கவனம் எனப்படும் இத்திறன் முதல் பிறந்தநாளுக்கு முன்பே அரும்பத் தொடங்குகிறது.

2003-இல் குழந்தைகளின் மொழிக் கற்றலை ஆராயும் பட்ரீசியா கூல் குழுவினர், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குத் தலா 25 நிமிடமாக 12 அமர்வுகளில் சீனாவின் மாண்டரின் மொழியைக் கேட்கச் செய்தனர். நேரில் விளையாடியபடி பேசியவர்களிடம் கேட்ட குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பிடித்துக்கொண்டன. அதையே பதிவுசெய்த காணொளியில் பார்த்தவை கற்கவில்லை. ஆனால் 2014-இல் வெளியான மற்றோர் ஆய்வில், 24 முதல் 30 மாதக் குழந்தைகள் காணொளி அழைப்பில் புதிய வினைச்சொற்களை நேரில் கற்பதைப் போலவே கற்றனர். வேறொரு குழந்தையோடு நடந்த உரையாடலின் பதிவைப் பார்த்தவர்களோ கற்கவில்லை. ஆகவே குறை திரையில் இல்லை. தன் செயலுக்கு உடனே மறுமொழி வராததில்தான் இருக்கிறது.

இணைய வகுப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆசிரியர் தம் திரையிலுள்ள படத்தைப் பார்க்கும்போது, அவர் எதைப் பார்க்கிறார் என்பது உங்கள் மகனுக்குப் புலப்படாது. எனவே அன்றைய பொருள்களை முன்கூட்டியே கேட்டு, கரண்டியோ கத்தரிக்காயோ, அவற்றையே அவன் கையில் கொடுங்கள். அவனுக்குப் பின்னால் நிற்காமல் பக்கத்தில் அமர்ந்து, ஆசிரியர் காட்டுவதையும் அவன் கையிலிருப்பதையும் மாறி மாறிப் பாருங்கள். உங்கள் பார்வைதான் அவனுக்குப் பாலம்.

அவன் கவனம் பொம்மைக் காரின்மேல் போனால், அவனை இழுத்துப் பிடிக்காமல் அந்தக் காருக்குப் பெயர் சொல்லுமாறு ஆசிரியரைக் கேளுங்கள். குழந்தை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் பொருளின் பெயரே எளிதில் பதிகிறது என்பதை ஆய்வாளர்கள் டோமசெல்லோவும் ஃபாரரும் 1986-இலேயே காட்டியிருக்கிறார்கள். மூன்று நான்கு குழந்தைகள் உள்ள வகுப்பானால்தான் ஆசிரியரால் இப்படி ஒவ்வொருவருக்கும் ஈடுகொடுக்க முடியும். நாற்பது நிமிடம் இவ்வயதுக்கு அதிகம் என்பது என் கருத்து. இருபதாகக் குறைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். இரவு உணவின்போது அதே கரண்டியைக் கையில் எடுத்து, அவன் அதைப் பார்க்கும்வரை காத்திருந்து, பெயரைச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். திரை இல்லாத வேளையிலும் நீங்கள் சுட்டிக்காட்டுவதை அவன் பார்க்காவிட்டாலோ, தனக்குப் பிடித்ததை உங்களிடம் காட்ட வராவிட்டாலோ, தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.