645 என்ற எண் யாருடையது?

கேள்வி: 'ரன்' என்ற ஒரே ஆங்கில வினைச்சொல்லுக்கு 645 பொருள் உண்டாம். தமிழில் இப்படி ஒரு சொல்லைக் காட்ட முடியுமா? மொழி வளத்தில் நாம் ஆங்கிலத்துக்கு ஈடில்லை என்று ஒப்புக்கொண்டால் என்ன?
– வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: எண் சரிதான். ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதியில் 'ரன்' பதிவைத் திருத்தி எழுதியபோது, 2011-ல் வந்த கணக்கு அது. ஆனால் அதை நீங்கள் மொழியின் பேரில் வரவு வைத்துவிட்டீர்கள். எண்ணியவர்களின் பேரில் வைக்க வேண்டிய தொகை அது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்திருக்கிறார்.

இதே அகராதியின் 1989 பதிப்பை எடுத்துப் பாருங்கள். அதில் மிகப் பெரிய பதிவு 'செட்'. வினையாக மட்டும் சுமார் 430 பொருள். பிறகு 'எம்' எழுத்தில் தொடங்கித் திருத்தி எழுத ஆரம்பித்தார்கள். 2000-ல் 'மேக்' முதலிடத்துக்கு வந்தது, 2007-ல் 'புட்', 2011-ல் 'ரன்'. அகர வரிசையைக் கவனியுங்கள். திருத்தும் வேலை எந்த எழுத்துக்கு வந்ததோ, அங்கே இருந்த பெரிய சொல் முன்னால் போனது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஆங்கிலம் மூன்று முறை பணக்கார மொழி ஆகிவிடவில்லை.

சொல்லும் வளர்ந்திருக்கிறது, அதை மறுக்கவில்லை. ரயில் ஓடியது, ஆலை ஓடியது, கணினியில் நிரல் ஓடியது. எல்லாவற்றுக்கும் ஆங்கிலேயர் 'ரன்' போட்டார்கள். தேர்தலில் பிரிட்டிஷ்காரர் நிற்பார், அமெரிக்கர் ஓடுவார். அங்கே இன்னொரு பொருள். மூக்கு ஒழுகினாலும் 'ரன்', துணியில் சாயம் போனாலும் 'ரன்'. நமக்கு இவற்றுக்குத் தனித்தனி வினைகள் இருக்கின்றன. அதனால் ஒரே சொல்லுக்குப் பொருள் கூடியிருப்பதை மட்டும் வைத்து மொழி வளத்தை அளக்கவும் முடியாது.

சரி, தமிழில் ஒரு சொல் கேட்டீர்கள். 'பிடி' என்று வைத்துக்கொள்வோம். குடை பிடிக்கிறோம், கொழுக்கட்டை பிடிக்கிறோம், பஸ் பிடிக்கிறோம், படம் பிடிக்கிறோம். குழந்தை அடம் பிடிக்கிறது. மரத்தில் காய் பிடிக்கிறது. சளி பிடிக்கிறது, துரு பிடிக்கிறது, தீ பிடிக்கிறது, பேய் பிடிக்கிறது. சம்பளத்தில் பிடிக்கிறார்கள். வேலை முடிய நாள் பிடிக்கும். அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கும். மலைப்பக்கம் போனால் செல்போனில் சிக்னல் பிடிக்காது. இதில் எத்தனை பொருள்? சளியும் துருவும் பேயும் ஒரே 'பிடி'யா, மூன்றா? பாட்டு பிடிப்பதும் பஸ் பிடிப்பதும் எந்த இடத்தில் பிரிந்தன, எந்த நூற்றாண்டில்? இதற்கெல்லாம் ஒருவர் உட்கார்ந்து சான்று பார்த்து முடிவு செய்தால்தான் எண் கிடைக்கும். தமிழிடம் சொல் இல்லை என்று நீங்கள் வருந்த வேண்டாம். எண்ண உட்காருகிறவர்களுக்கு நாம் சோறு போடுவதில்லை என்பதற்கு வருந்துங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939-ல் அனுபந்தம். வையாபுரிப் பிள்ளை போன்றவர்களின் அசுர உழைப்பு. அதற்கு அப்புறம் பிறந்த 'சிக்னல் பிடிக்கல' அதில் எப்படி இருக்கும்? இன்றைய தமிழுக்கென்று கிரியா அகராதி 1992-ல் வந்து, 2008-லும் 2020-லும் விரிந்தது. ஒரு பதிப்பகம் தோளில் சுமந்த வேலை அது. மொழிப்பெருமை பேச மேடை போடும் நாம், ஒரு சொல்லுக்கு ஒன்பது மாதச் சம்பளம் கொடுக்க யோசிக்கிறோம். எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

ஆக்ஸ்ஃபர்டிலும் எல்லாம் தானாக நடந்துவிடவில்லை. 1879-ல் பொறுப்பேற்ற ஜேம்ஸ் மர்ரே, 'நூல்களைப் படித்து, சொல் வரும் வாக்கியத்தைத் துண்டுத்தாளில் எழுதி அனுப்புங்கள்' என்று பொதுமக்களைக் கேட்டார். ஆசிரியர்கள், பாதிரியார்கள், வீட்டிலிருந்த பெண்கள் எனப் பலரும் அனுப்பினார்கள். தபால் குவிந்ததில் அவர் வீட்டு வாசலிலேயே ஒரு தபால் பெட்டி வைத்தார்கள். முதல் பகுதி 1884-ல் வந்தது. மர்ரே 1915-ல் இறந்தார். அகராதி முடிந்தது 1928-ல்.

நீங்களும் அனுப்புங்கள். திண்டுக்கல் சந்தையிலும் பூட்டுப் பட்டறையிலும் 'பிடி' எப்படியெல்லாம் புழங்குகிறது என்று கேட்டு, முழு வாக்கியமாக எழுதுங்கள். சொன்னவரின் தொழில், ஊர், தேதி மூன்றும் வேண்டும். வந்ததை இந்தப் பக்கத்தில் வெளியிடுகிறேன்.