பிறந்து நான்கு நாளான குழந்தைக்கு உடம்பு மஞ்சளாக இருக்கிறது. காலை வெயிலில் காட்டினால் போதும் என்கிறார்கள். டாக்டரிடம் போக வேண்டுமா?

போக வேண்டும். இன்றைக்கே. காரணத்தைக் கீழே எழுதுகிறேன், ஆனால் அதைப் படித்து முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருக்க வேண்டாம்.

நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில், தாய் வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு இதே கேள்வியோடு மூன்று நாள் உட்கார்ந்திருந்தவள். உங்கள் வீட்டிலும் பாட்டியோ மாமியாரோ "எல்லாப் புள்ளைக்கும் வர்றதுதான்" என்று சொல்லியிருப்பார்கள். அது பொய் இல்லை. பத்து மாதம் நிறைந்து பிறக்கிற குழந்தைகளிலேயே பாதிக்கு மேல் முதல் வாரத்தில் மஞ்சள் தட்டும், பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். என் பிள்ளைக்கு இறங்கவில்லை.

ஐப்பசி மாதம் பிறந்தான். 2.9 கிலோ. மூன்றாம் நாள் காலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது முகத்தில் மட்டும் லேசான மஞ்சள். ஒரு வாரம் கழித்து வரச் சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார்கள், முழுக்க இங்கிலீஷில். மஞ்சள் நான்காம் நாள், ஐந்தாம் நாள்தான் உச்சத்துக்கு ஏறும் என்று ஒருவர்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. அதாவது கவனித்துப் பார்க்க வேண்டிய நாளே வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பம். அதை ஒரு வரி தமிழில் எழுதிக் கொடுக்க என்ன செலவாகிவிடும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

வீட்டில் காற்று படக்கூடாது என்று ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். உள்அறையில் ஒரு மஞ்சள் பல்பு. அந்த வெளிச்சத்தில் எல்லோருமே மஞ்சளாகத்தான் இருந்தோம். சிங்கப்பூரில் இருக்கிற என் வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு "நல்லா செவப்பா இருக்கானே" என்றார். போனிலும் பல்பு வெளிச்சத்திலும் பிள்ளையின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பகலில் ஜன்னல் ஓரமாகவோ திண்ணையிலோ வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

காலை வெயிலில் காட்டச் சொன்னது என் அப்பாயி. ஆனால் வெயில் எங்கே? வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. மூன்று நாளும் வானம் திறக்கவே இல்லை. "நாளைக்கு வெயில் வந்துரும், காட்டிக்கலாம்" என்று ஒவ்வொரு நாளும் தள்ளிப்போனது.

வீட்டில் இன்னொருவரும் வெயிலுக்குக் காத்திருந்தார், என் அப்பா. குறுவை அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, தார்ப்பாயைப் போட்டு மூடி, ராத்திரி பகலாக அங்கேயே கிடந்தார். 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்க மாட்டார்கள். மழையில் கிடக்கிற நெல் 17-ல் நிற்குமா? இன்று சாக்கு இல்லை, நாளை லாரி இல்லை என்று நாளை ஓட்டுவார்கள், அதற்குள் அடியில் கிடக்கும் நெல் முளைவிட்டுவிடும். கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான். ஆனால் பிறந்த பேரனை ஆற அமரப் பார்க்கவிடாமல் ஒரு மனிதரை நெல் குவியலுக்குக் காவல் உட்காரவைத்த கோபம் எனக்குப் போகவில்லை. அப்பா நிதானமாகப் பார்க்கிறவர். வீட்டில் இருந்திருந்தால் ஒரு நாள் முன்னாலேயே வண்டி கட்டியிருப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நிறத்தைவிட நான் கவனித்திருக்க வேண்டியது வேறொன்று. நான்காம் நாளிலிருந்து அவன் அழவே இல்லை. பாலுக்கு எழுப்பினால் நாலு வாய் சப்பிவிட்டுத் தூங்கிவிடுவான். நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் தூக்கம். பார்க்க வந்தவர்கள் எல்லாம் "எவ்வளவு சமர்த்து" என்றார்கள். "அழாத புள்ள ஆயிரத்துல ஒண்ணு" என்று அப்பாயி திருஷ்டி கழித்தாள். எனக்கும் தையல் வலி, தூக்கமில்லாத உடம்பு. அவன் தூங்குவது வரமாக இருந்தது. இதை எழுதும்போது இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. பிறந்த குழந்தை இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை பாலுக்கு அழ வேண்டும். அழாமல், கேட்காமல், எழுப்பினாலும் எழாமல் கிடந்தால் அது சமர்த்து இல்லை. அது நோயின் அறிகுறி.

பெரியவர்களுக்கு வருகிற மஞ்சள் காமாலை வேறு, இது வேறு. பிறந்ததும் குழந்தையின் பழைய சிவப்பணுக்கள் உடைகின்றன. அதிலிருந்து வரும் பிலிருபின் என்கிற மஞ்சள் பொருளை வெளியே தள்ளுகிற அளவுக்குக் கல்லீரல் இன்னும் பழகியிருக்காது. பால் குடித்து மலம் போகப் போகத்தான் அது வெளியேறும். பால் குறைந்தால் மலம் குறையும், மஞ்சள் ஏறும். மஞ்சள் ஏறினால் பிள்ளை மயங்கித் தூங்கும், பால் இன்னும் குறையும். இந்தச் சுழலில்தான் என் பிள்ளை மாட்டினான். இதற்கிடையில் பக்கத்து வீட்டு அத்தை என் குழம்பில் மஞ்சள்தூளை நிறுத்தச் சொன்னார்கள், கீழாநெல்லி அரைத்துத் தரச் சொன்னார்கள். பத்தியம் என்று என் சாப்பாடும் பாதியானது. பிள்ளைக்கு வந்த மஞ்சளுக்கும் தாய் சாப்பிடும் மஞ்சள்தூளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஐந்தாம் நாள் நர்ஸம்மா வந்தார்கள். எங்கள் துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் கிராம சுகாதார செவிலியர். மழையில் குடையோடு நடந்து வந்து, வந்ததும் "பாப்பாவத் திண்ணைக்குக் கொண்டாம்மா" என்றார்கள். நெற்றியில் விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தார்கள், அப்புறம் நெஞ்சில், வயிற்றில், முழங்காலுக்குக் கீழே, கடைசியாகப் பாதத்தில். அழுத்தி எடுத்த இடம் பாதம் வரைக்கும் மஞ்சளாக இருந்தது. "கடைசியா எப்ப மூத்திரம் போனான்?" என்றார்கள். யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. துணியில் மஞ்சள் கறை. பிறந்த குழந்தைக்கு மூத்திரம் தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும், ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது போக வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது. தொங்கு தராசில் 2.55 கிலோ. முதல் வாரத்தில் கொஞ்சம் இளைப்பது வழக்கம்தான், ஆனால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. இவன் 350 கிராம் இளைத்திருந்தான்.

"இப்பவே தஞ்சாவூர் போங்க, காலையில போறோம்னு சொல்லாதீங்க" என்றார்கள். 108-ஐயும் அவர்களே கூப்பிட்டார்கள். ரோட்டில் பாதியை நெல் அடைத்துக் கிடந்தது, வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். அந்தக் கேட் திறக்கிற வரைக்கும் அவன் காதோரம் பேசிக்கொண்டே இருந்தேன், கண்ணைத் திறக்க வைக்க.

ராசா மிராசுதார் மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது பிலிருபின் 20-க்கு மேல். எனக்கு ஓ பாசிட்டிவ், அவனுக்கு பி பாசிட்டிவ். தாய் ஓ குரூப்பாகவும் பிள்ளை ஏ அல்லது பி-யாகவும் இருந்தால் சில பிள்ளைகளுக்குச் சிவப்பணு வேகமாக உடையும் என்றார்கள். உங்களுக்கு நெகட்டிவ் குரூப் என்றால் இன்னும் கவனம் வேண்டும். இன்னும் ஏறியிருந்தால் ரத்தத்தையே மாற்ற வேண்டி வந்திருக்கும், அதையும் விட்டால் மூளையில் படிந்து காது கேட்காமல் போகலாம், கை கால் வராமல் போகலாம் என்று டாக்டர் சொன்னபோது என் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைக் கட்டி நீல விளக்கின் அடியில் வைத்தார்கள். பால் கொடுக்க மட்டும் எடுப்பேன். குடிக்காதபோது பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டினேன். விளக்கில் வைத்த மூன்றாம் நாள் பிலிருபின் 11-க்கு வந்தது. ஒரு ரூபாய் கட்டவில்லை. பிறகு காது பரிசோதனையும் செய்தார்கள், நன்றாக இருக்கிறது. இப்போது மூன்று வயது.

அப்பாயியைக் குறை சொல்லத்தான் இதை எழுதினேன் என்று நினைக்க வேண்டாம். ஏழு பிள்ளை பெற்றவள், என்னையும் வளர்த்தவள். அவள் சொன்ன வெயிலிலும் உண்மை இருக்கிறது. 1950-களில் இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு என்ற ஊர் மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற செவிலியர், வெயிலில் வைத்த குழந்தைக்கு வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் வெளுத்ததைக் கவனித்தார். அதிலிருந்துதான் இந்த விளக்குச் சிகிச்சையே வந்தது, 1958-ல் ஆய்வாக வெளியானது. ஆனால் அந்த வெளிச்சத்தில் மஞ்சளைக் கரைப்பது நீல நிறப் பகுதி. விளக்கில் அதை அளவாக, உடம்பு முழுவதும், மணிக்கணக்கில் கொடுக்கிறார்கள். முற்றத்தில் பத்து நிமிஷம் துணியோடு காட்டுவதில் அது கிடைக்காது. துணியில்லாமல் நேர் வெயிலில் போட்டால் பிள்ளைக்கு உடம்பு வறண்டுபோகும். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து பார்க்காமல் வெயிலை நம்பி உட்காருவதுதான் தப்பு.

பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிந்தால் அது எப்போதும் அவசரம்தான். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகவில்லை என்றால், பிள்ளை கொழுகொழு என்று இருந்தாலும் காட்டுங்கள். மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனால் ஒரு நாளும் தள்ளாதீர்கள். பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம், அதற்கு அறுவை சிகிச்சை இரண்டு மாதத்துக்குள் நடந்தால்தான் பலன் அதிகம்.

மஞ்சள் இல்லாமலும் ஓட வேண்டிய நேரங்களை அந்த வார்டில்தான் கற்றேன். 100.4 டிகிரி காய்ச்சல், அல்லது துணி சுற்றியும் கை கால் வயிறெல்லாம் சில்லிட்டுக் கிடப்பது, பச்சையாக வாந்தி, நிமிஷத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்ளே இழுப்பது, தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வருவது. விக்கல், தும்மல், பெண் குழந்தைக்கு ஒன்றிரண்டு சொட்டு ரத்தம் படுவது, மார்பு வீங்குவது இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். மார்பைப் பிதுக்க மட்டும் விடாதீர்கள், யார் சொன்னாலும்.

வண்டி வரும்வரை பிள்ளைக்குப் பால் கொடுங்கள், உள்ளங்காலைத் தேய்த்து எழுப்பியாவது. உங்கள் பிளட் குரூப் எழுதியிருக்கிற கர்ப்பகால அட்டையையும், ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த நேரத்தையும் எடையையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே முதலில் கேட்டது அதைத்தான், எனக்கு அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.