தொட்டியில் எத்தனை மூட்டை தீவனம் பிடிக்கும்?

வட்டத் தொட்டி, ‘பின்’ (bin) எனும் உயரமான தீவனக் கொள்கலன், டிரம் என்று வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். எல்லாக் கேள்விக்கும் அடியில் இருப்பது ஒரே சிக்கல்தான். தொட்டிக்குத் தெரிந்தது லிட்டர், நாம் வாங்குவது கிலோ. மரக்காலில் அளந்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: நான்கு சிமெண்ட் உறைகளை (கிணற்றுக்கு இறக்கும் வளையங்கள்) அடுக்கித் தீவனத் தொட்டி செய்திருக்கிறேன். ஒவ்வொன்றும் 3 அடி அகலம், 1 அடி உயரம். எத்தனை மூட்டை கொட்டலாம்? (கோபி பக்கம் கறவை மாடு வைத்திருப்பவர்)

பதில்: அந்த 3 அடி உள்ளளவா, வெளியளவா? முதலில் அதைப் பாருங்கள். உள்ளளவு என்றால் 3-ஐ 3-ஆல் பெருக்கி, 0.785-ஆல் பெருக்கி, உயரம் 4-ஆல் பெருக்கினால் சுமார் 28 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். ஆக 800 லிட்டர். வெளியளவு 3 அடியாக இருந்து, சுவர் 2 அங்குல கனம் என்றால் உள்ளே 2 அடி 8 அங்குலம்தான். அப்போது கிடைப்பது 630 லிட்டர். இரண்டு அங்குலச் சுவர் ஐந்தில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது.

இனி கிலோ. இதற்கு எந்த அட்டவணையையும் நம்ப வேண்டாம், ஒரு வாளி போதும். காலி பெயிண்ட் வாளியை எடை போடுங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி மறுபடி எடை போடுங்கள். கூடிய கிலோ எவ்வளவோ, வாளி அத்தனை லிட்டர். 20 லிட்டர் என்று அச்சடித்த வாளியில் விளிம்பு வரை அதற்கு மேலேயே பிடிக்கும். வாளியை நன்றாகக் காயவைத்து, தீவனத்தைத் தட்டாமல், அமுக்காமல் கொட்டி, மேலே ஒரு குச்சியால் வழித்துவிட்டு எடை பாருங்கள். கிலோவை லிட்டரால் வகுத்தால் உங்கள் தீவனத்தின் கணக்கு வந்துவிடும். பொதுவாக மக்காச்சோளம் லிட்டருக்கு 720 கிராம் வரும். அரைத்த கலப்புத் தீவனம் 550 முதல் 650 கிராம். கோதுமைத் தவிடு 250 கிராம் வந்தாலே அதிகம். அதனால் உங்கள் 800 லிட்டர் தொட்டியில் மக்காச்சோளம் 570 கிலோ நிற்கும், தவிடு 200 கிலோவிலேயே நிரம்பிவிடும். கலப்புத் தீவனம் என்றால் 50 கிலோ மூட்டையில் எட்டு வாங்குங்கள். மூடி போடவும் கைவிட்டு அள்ளவும் மேலே கொஞ்சம் இடம் வேண்டும். அப்புறம், உறையை வெறுந்தரையில் வைக்காதீர்கள். ஈரம் ஏறினால் அடித்தீவனம் பூசணம் பிடிக்கும். பூசண நஞ்சு பால் வழியாகவும் இறங்கும்.

கேள்வி: முட்டைக்கோழிப் பண்ணைக்கு 12 டன் பின் என்று சொல்லி விற்றார்கள். 10 டன் கொட்டுவதற்குள் நிரம்பிவிடுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? விட்டம் 8 அடி, உருளை 10 அடி, அடிக்கூம்பு 5 அடி. (நாமக்கல்)

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்தேன். உருளை 502 கன அடி. கூம்புக்கு அதே பரப்பை உயரத்தால் பெருக்கி மூன்றால் வகுக்க வேண்டும், அது 84. மொத்தம் 586 கன அடி, அதாவது 16,600 லிட்டர். மக்காச்சோளம் கொட்டினால் 12 டன் சரியாக வரும். நீங்கள் கொட்டுவது மேஷ், அதாவது அரைத்த கலப்புத் தீவனம். லிட்டருக்கு 600 கிராம் வைத்தால் 10 டன்னுக்குச் சற்றுக் குறைவு. அவர்கள் சொன்ன எண் பொய் இல்லை. ஆனால் எந்தத் தீவனத்துக்கு என்று சொல்லாமல் விற்றது சரியில்லை. அடுத்த முறை எத்தனை கன அடி என்று கேட்டு வாங்குங்கள். கோழி ஒன்றுக்கு நாளைக்கு 110 கிராம் என்றால் 10,000 கோழிக்கு 1.1 டன். உங்கள் பின் ஒன்பது நாளைக்கு வரும், பன்னிரண்டு நாளைக்கு வராது. லாரிக்குச் சொல்லும்போது இதை மனதில் வையுங்கள்.

கேள்வி: பின்னில் மீதி எவ்வளவு இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: மேல்மூடி வழியாகக் கயிற்றில் ஒரு குண்டு கட்டி இறக்குங்கள். மேலே சொன்ன 8 அடி பின்னில் ஓர் அடி இறங்கினால் சுமார் 850 கிலோ தீர்ந்தது என்று அர்த்தம். ஆனால் தீவனம் நடுவில் குழி விழுந்துதான் இறங்கும். ஓரத்தில் 2 அடி ஆழத்திலும் நடுவில் 5 அடி ஆழத்திலும் குண்டு தட்டினால், வித்தியாசம் 3 அடி. அதில் மூன்றில் ஒரு பங்கை ஓர ஆழத்தோடு கூட்டுங்கள். 3 அடி இறங்கியதாகக் கணக்கு. ஓரத்தில் நிற்பது பழைய தீவனம் என்பதால் அவ்வப்போது முழுதாகக் காலி செய்துவிட்டு நிரப்புங்கள்.

ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்று யாரையும் உள்ளே இறக்காதீர்கள். மேலே பாலம் போல இறுகி நிற்கும் தீவனம் சரிந்தால் ஆளை மூடிவிடும், கத்தினாலும் வெளியே கேட்காது. வெளியிலிருந்து கூம்பைத் தட்டி விடுங்கள்.

கேள்வி: 200 லிட்டர் நீல டிரம்மில் எவ்வளவு சைலேஜ் (காற்றுப் படாமல் புளிக்கவைக்கும் பசுந்தீவனம்) போடலாம்?

பதில்: அது உங்கள் காலில் இருக்கிறது. நறுக்கிய சோளத்தட்டையை அரையடிக்கு ஒருமுறை ஏறி நன்றாக மிதித்தால் 120 கிலோ வரை இறங்கும். சும்மா கொட்டினால் பாதிகூட வராது, உள்ளே காற்று நின்று கெட்டும் போகும். நாளைக்கு 15 கிலோ தின்னும் மாட்டுக்கு ஒரு டிரம் எட்டு நாள்.

கேள்வி: படுக்கை வாட்டத்தில் உள்ள டேங்கில் கால்வாசி ஆழம் இருந்தால் கால்வாசி தீவனமா?

பதில்: இல்லை. அடி வளைவு குறுகல் என்பதால் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். பாதி ஆழத்தில் சரிபாதி. முக்கால் ஆழத்தில் ஐந்தில் நான்கு. குச்சியை விட்டு ஆழம் பார்க்கும் முன் தீவனத்தை மட்டமாக இழுத்துவிடுங்கள்.