“இந்த மாதமே ஆபரேஷன்” என்றால் ஏன் என்று கேளுங்கள்

கேள்வி: என் தங்கைக்கு 41 வயது. தலைவலிக்காக எடுத்த எம்.ஆர்.ஐ.யில், மண்டையோட்டின் அடியில் ஜுகுலர் துளை என்ற இடத்தில் 2.3 செ.மீ. அளவில் ‘ஷ்வானோமா’ என்ற நரம்புறைக் கட்டி இருப்பதாக வந்திருக்கிறது. குரல், விழுங்குதல் எல்லாம் நன்றாகவே இருக்கிறது. இந்த மாதமே ஆபரேஷன் செய்து முழுசாக எடுத்துவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: இந்த மாதமே என்பதற்கு நீங்கள் எழுதியதில் ஒரு காரணமும் தெரியவில்லை. ஷ்வானோமா பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. பல கட்டிகள் வருஷத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் வளரும். சில, வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

அந்தத் துளை வழியாக 9, 10, 11ஆம் மூளை நரம்புகள் இறங்குகின்றன. விழுங்குவது, பேசுவது, தோளைத் தூக்குவது எல்லாம் இவற்றின் பொறுப்பு. கட்டி மெல்ல மெல்ல நசுக்கி நரம்பு ஏற்கெனவே செயலிழந்துபோனவருக்கு, மறுபக்கத்து நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக வேலையை எடுத்துக்கொண்டிருக்கும். ஆபரேஷனில் அவர் இழப்பது குறைவு. உங்கள் தங்கைக்கு நரம்பு முழுசாக வேலை செய்கிறது. அது திடீரென்று அடிபட்டால் மறுபக்கத்துக்குப் பழக அவகாசமே கிடைக்காது. காலையில் பேசிக்கொண்டே தியேட்டருக்குள் போனவர், மறுநாள் ஒரு ஸ்பூன் தண்ணீருக்குப் புரையேறி, மூக்கில் டியூபோடு வாரக்கணக்கில் படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தொந்தரவே இல்லாதவருக்குத்தான் இழக்க நிறைய இருக்கிறது.

‘முழுசாக எடுத்துவிடுவோம்’ என்பவரிடம் ஒன்று கேளுங்கள்: நரம்போடு ஒட்டிய துணுக்கை என்ன செய்வீர்கள்? ‘விட்டுவிடுவேன், வளர்ந்தால் கதிர்வீச்சு கொடுக்கலாம்’ என்றால் அவரை நம்பலாம். ‘ஒட்டியதையும் சுரண்டி எடுப்பேன்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

வளர்வது உறுதியானால், 3 செ.மீ.க்குள் இருக்கும் கட்டிக்குக் குறிவைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சும் உண்டு. கட்டி மறையாது, பெரும்பாலும் வளர்ச்சி நின்றுவிடும். முதல் ஒன்றரை வருஷத்துக்குள் கொஞ்சம் வீங்கவும் செய்யலாம். அந்த ஸ்கேனைப் பார்த்துப் பதறி ஆபரேஷனுக்கு ஓடுபவர்கள் உண்டு.

ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். அது ஷ்வானோமாதானா? அதே துளையில் பாராகாங்லியோமா என்று இன்னொரு கட்டி வரும். ரத்தம் கொட்டும் ஜாதி. முன்கூட்டி ரத்தக்குழாயை அடைக்காமல் கைவைத்தால் ரணகளம்தான். சில, ரத்த அழுத்தத்தை எகிறவைக்கும் ஹார்மோனையும் சுரக்கும். மயக்க மருந்து கொடுக்கும்போது அது உயிருக்கே ஆபத்து. சி.டி. ஸ்கேனில் ஷ்வானோமா துளையை வழவழப்பாக அகலமாக்கியிருக்கும். பாராகாங்லியோமா எலும்பைப் பூச்சி அரித்ததுபோலக் காட்டும். சி.டி. ஸ்கேன் எடுத்தார்களா? அந்த ஹார்மோன் சுரக்கிறதா என்று காட்டும் மெட்டாநெஃப்ரின் பரிசோதனை செய்தார்களா? இரண்டும் இல்லாமல் தேதி குறித்திருந்தால், அந்தத் தேதியை ரத்து செய்யுங்கள்.

அப்புறம், ‘கோஆர்டினேட்டர்’ என்று போன் செய்பவர்கள். பேக்கேஜ், ‘லேசரில் தையலே இல்லை’, ‘இன்று முன்பணம் கட்டினால் டாக்டர் ஸ்லாட்’ என்பார்கள். கமிஷன் வாங்குபவருக்குக் காத்திருப்பதில் லாபம் இல்லை. நரம்பு அறுவை நிபுணர், காது மூக்கு தொண்டை நிபுணர், கதிர்வீச்சு நிபுணர் மூவரும் சேர்ந்து ஸ்கேனைப் பார்க்கும் இடத்துக்குப் போங்கள். ரிப்போர்ட் தாள் போதாது, படங்கள் அடங்கிய சி.டி. தட்டைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கொடுக்க மூன்று கவுண்டரில் அலையவிடுவார்கள். கொண்டுபோனாலும், ‘வெளி ஸ்கேன் பார்க்க மாட்டோம், இங்கேயே எடுங்கள்’ என்பார்கள். படம் தெளிவாக இருக்கும்போது எதற்கு இரண்டாவது செலவு? எனக்கே இன்றுவரை புரியவில்லை.

தலைவலிக்கு இந்தக் கட்டி காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு, தனியாகப் பாருங்கள். குரல்நாண், விழுங்கும் பரிசோதனை இரண்டையும் இப்போதே செய்து பதிவுசெய்து வையுங்கள். 6 மாதத்தில் மறுபடி எம்.ஆர்.ஐ. இடையில் குரல் கரகரத்தாலோ, தண்ணீர் புரையேறினாலோ, நாக்கு ஒரு பக்கம் இழுத்தாலோ, நடை தள்ளாடினாலோ 6 மாதக் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே போங்கள்.