மேலாளர் நியமனம் தவறா என்று எப்படி எடைபோடுவது?

நீண்டகால மேலாளர் ஃபெர்குசனுக்குப் பின் இங்கிலாந்துக் கால்பந்து அணி மான்செஸ்டர் யுனைடெட் செய்த மோசமான நியமனம் எது என்றால், பலர் அவரை அடுத்து வந்த மோயஸைக் காட்டுவார்கள். புள்ளிப்பட்டியலுக்கு முன், அவர் கையில் என்ன கொடுத்தார்கள் என்று பாருங்கள். 2013 கோடையில் தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் விலகினார். வீரர்களை வாங்கப் பேரம் பேசிப் பழகிய ஆள் போனார். அந்தக் கோடையில் வந்த பெரிய வரவு நடுக்கள வீரர் ஃபெல்லைனி மட்டும், அதுவும் வீரர்களை வாங்குவதற்கான கெடுவின் கடைசி நாளில், 2.75 கோடி பவுண்டுக்கு. தற்காப்பில் ஃபெர்டினண்டுக்கு 34 வயது, விடிச்சுக்கு 31. இதற்கு மோயஸ் மட்டும் பொறுப்பல்ல.

ஆனால் முந்தைய அணியான எவர்ட்டனில் 11 ஆண்டுகளில் ஒரு கோப்பைகூட வெல்லாதவருக்கு 6 ஆண்டு ஒப்பந்தமா? அது நிர்வாகத்தின் பிழை. 10 மாதத்தில் அனுப்பிவிட்டார்கள்.

பின்னாளில் மேலாளராக வந்த மொரின்யோவைத் தோல்வி என்பதை நான் ஏற்கமாட்டேன்: 2017இல் யூரோப்பா லீக் கோப்பை, அடுத்த பருவத்தில் பிரீமியர் லீக்கில் 81 புள்ளி, 2ஆம் இடம்.